பேய்க்கு மட்டும் பட்டா

கி.பி. 100-இல் ரோமப் பேரரசன் டிராஜன், இன்றைய அல்ஜீரியாவில் திம்காட் என்ற ஊரை நிறுவினான். சதுரங்கக் கட்டம் போலத் தெருக்கள். மன்றம், கோயில், குளியல் கூடங்கள். குடியேறியவர்கள் படையில் உழைத்து ஓய்ந்த வீரர்கள். அவர்களுக்கு நிலம் கொடுத்தான். அடுத்தவன் மண்ணைப் பிடுங்கித்தான் கொடுத்தான், யோக்கியன் அல்லன். ஆனாலும் உழைத்தவனுக்குக் கொடுத்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமும் ஒரு காலத்தில் அப்படியொரு குடியேற்ற ஊராகத்தான் இருந்தது. மேட்டில் பெரிய துரை பங்களா, இடையில் கணக்கெழுதும் கிராணி வீடு, பள்ளத்தில் தொழிலாளர் லயம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில் எல்லாம் இருந்தன. கொடுத்த கூலியை அன்று மாலையே திரும்ப வாங்கிக்கொள்ளக் கள்ளுக்கடையும் இருந்தது. இந்தச் சிக்கனம் ரோமானியனுக்குத் தெரியாமல் போயிற்று.

நிலம்? அதை மட்டும் கேட்காதீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக் கிளம்பினார்கள். பேராக்கின் சுங்கை சிப்புட்டுக்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளியின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். தான் வேர்வை சிந்திய மண்ணைத் தானே காசு போட்டு வாங்கியவன் உலகத்திலேயே நம்மாள்தான்! அதற்கும் வழியில்லாதவனுக்கு, ரப்பருக்குப் பதில் செம்பனை வந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. துரை போய்விட்டான், அவன் நாற்காலியில் உட்கார்ந்த நம் நாட்டுக் கம்பெனிகள் அனுப்பிய சுதேசிக் கடிதம்.

துரைமார் காலத்து மிச்சத்தைப் பார்க்க வேண்டுமா? பத்து காஜா அருகே கெல்லி கோட்டைக்குப் போங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய மாளிகை. மதராஸிலிருந்து வந்த தமிழர்கள் செங்கல் அடுக்கினார்கள். ஸ்பானியக் காய்ச்சலில் பலர் செத்தார்கள். நோய் தீர அம்மனுக்குத் துரை கோயில் எழுப்பித் தர, நம் சனம் நன்றியோடு அவர் உருவத்தையும் கோயில் கூரையில் சாமிகளோடு ஏற்றி வைத்தது. 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்தார்; மாளிகை பாதியில் நின்றது. யாரும் குடியேறாத அந்த வீட்டுக்கு இன்று பராமரிப்பு, காவல், நுழைவுச் சீட்டு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்ற லயங்களின் மேல் செம்பனை குலை தள்ளுகிறது.

கோட்டையில் பேய் உலவுவதாகச் சொல்லியே கூட்டம் சேர்க்கிறார்கள். அந்தப் பேய்க்கு வாடகை இல்லை, காலி செய்யச் சொல்லிக் கடிதமும் இல்லை. மலிவு வீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் தோட்டத் தமிழன், அடுத்த முறை சம்பளச் சீட்டோடு தன் மரணச் சான்றிதழையும் இணைத்து அனுப்பிப் பார்க்கலாம்.