வானத்தில் ஒரு பொட்டு

யாழ்ப்பாணத்தானுக்குப் பொட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நெற்றி அல்ல, வேலி. கிடுகு வேலியோ பனையோலை வேலியோ, ஏதாவது ஒரு மூலையில் பொட்டு ஒன்று இருக்கும். அதால் நாய் போகும், கோழி போகும், ஒரு சுண்டு சீனி போகும், ஊர்ப்புதினம் முழுக்கப் போய்வரும். பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது, வேலிகள் மதில்களாயின. காசு கொடுத்துக் கட்டின மதிலில் பொட்டு வைக்க யாருக்கு மனம் வரும்? அந்தக் குறையை என்னுடைய 47ஆவது வயதில் நான் வானத்தில் தீர்த்துக்கொண்டேன்.

தொடக்கி வைத்தவன் மருமகன், அக்காவின் மகன். ஏ.எல். படிக்கிறான் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். மலையும் ஆறும் மரமும் கீழே ஓடிக்கொண்டிருந்தன.

"மாமா, உதுதான் எஃப்.பி.வி."

சின்னதொரு றிமோட் விமானம். அதன் மூக்கில் கமரா. கமரா பார்ப்பது வானொலி அலையாய்த் தரைக்கு வரும். தரையில் கதிரையில் இருக்கிறவர் வெளிச்சமே உள்ளே வராத கண்ணாடி ஒன்றை மாட்டியிருப்பார். அதற்குள் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டித் திரைகள். விமானத்துக்குள்ளே தானே ஏறி இருந்து ஓட்டுவது போல இருக்குமாம்.

"விழுந்தால்?"

"விமானம்தான் விழும். நீங்கள் கதிரையிலைதானே இருக்கிறியள்."

அந்த வசனத்தில்தான் நான் விழுந்தேன். கதிரையிலிருந்து விழுந்தது பிறகு.

வடமராட்சிக்காரனுக்குப் பறக்கவிடுவது ஒன்றும் புதிதல்ல. தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கொக்கு, பிராந்து, கப்பல், விமானம் என்று காகிதத்தில் இல்லாத வடிவமில்லை. பட்டத்தோடு தாங்களும் பறந்தவர்கள்கூட எங்களிடம் உண்டு. 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கம் சிலர் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். காற்று இழுத்த இழுவையில் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, ஒருவர் மட்டும் விடவில்லை. 30 அடிக்கு மேலே தொங்கி, விழுந்து, நல்லகாலம் சிறு காயத்தோடு தப்பினார். காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. கண்ணாடியும் கமராவும் இல்லாமல் மேலிருந்து ஊரைப் பார்த்த அந்த மனிதருக்கு முன்னால் நாங்கள் எல்லாம் கதிரை வீரர்கள்தான்.

கண்ணாடி, றிமோட், மோட்டர் எல்லாம் கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சானின் சூட்கேஸில் வந்தன. லிதியம் பற்றரிகளைச் சூட்கேஸில் போடக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுவரலாம். மச்சான் அவற்றைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். உள்ளங்கையளவுப் பற்றரி, மூன்று செல், 11.1 வோல்ட். அதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எங்களுக்கு வராமல் நின்ற பொருட்களில் பற்றரியும் ஒன்று. செத்துப்போன ரோச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்தவர்கள் நாங்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார்.

இந்தப் பற்றரிக்கோ வேறு குணம். சார்ஜ் ஏறும்போது தனியே விட்டுப் போகக்கூடாது. கோபம் வந்தால் தீப்பிடிக்கும். அதற்கென்று தனிப் பையே விற்கிறார்களாம். நான் மண்பானைக்குள் மணல் போட்டு அதில் வைத்தேன். முற்றத்தில் பானையையும் பக்கத்தில் காவலிருக்கும் என்னையும் பார்த்த அம்மா, "என்ன மோனை, எப்ப பொங்கும்?" என்று கேட்டா.

விமானத்தின் உடம்பை மருமகனும் நானும் ரெஜிபோமில் வெட்டினோம். மீன் பெட்டி ரெஜிபோம். சவர்க்காரம் போட்டுக் கழுவி இரண்டு நாள் காயவைத்தும் சூடை மீன் வாசம் போகவில்லை. முதல் வெள்ளோட்டத்துக்கு முந்தின இரவு பூனை ஒன்று இடது சிறகின் நுனியைத் தின்றுவிட்டது.

சிறகு ஒட்டி முடிந்த அன்று பெரியப்பா வந்தார். 80 வயது, ஒரு காலத்தில் ஊரிலே பட்டம் கட்டுவதில் அவரை வெல்ல ஆளில்லை. விமானத்தைத் தூக்கி, சிறகுக்குக் கீழே இரண்டு சுட்டுவிரல்களையும் கொடுத்து நிறுத்திப் பார்த்தார். வால் தொங்கியது.

"முச்சை பிழை." பட்டம் சரியாமல் நிற்க அதன் முன்பக்கத்தில் அளந்து கட்டுகிற நூல்தான் முச்சை.

"பெரியப்பா, இதுக்கு முச்சை இல்லை, நூலும் இல்லை."

"நூலில்லாட்டிலும் முச்சை இருக்கு. மூக்குப் பாரம் காணாது. உது ஏறும், பேந்து குண்டியைக் குத்திக்கொண்டு விழும்."

மருமகன் கணினியில் தேடினான். பாரத்தின் மையம் சிறகின் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் இருக்கவேண்டும், பின்னால் போனால் விமானம் சொல்வழி கேளாது என்று போட்டிருந்தது. பெரியப்பா விரல் வைத்த இடத்தை அளந்து பார்த்தோம்; அளவுகோல் தேவைப்பட்டிருக்கவில்லை. சைக்கிள் பெட்டியிலிருந்து இரண்டு சுரையை எடுத்து மூக்கில் ஒட்டினார். விமானம் விரல்நுனியில் தராசு போல நின்றது.

கண்ணாடி போட முதல் வெறுங்கண்ணால் ஓட்டப் பழக வேண்டும் என்றான் மருமகன். அதற்கு முதல் கணினியில் பழக வேண்டுமாம். மூன்று கிழமை கணினியில் பறந்தேன். ஒரு சதம் செலவில்லாமல் நூறு விமானமாவது உடைத்திருப்பேன். இடது குச்சி வேகத்துக்கு. வலது குச்சி மூக்கை ஏற்றி இறக்க, சிறகைச் சரிக்க. மேலே போக வேண்டுமென்றால் குச்சியை நம் பக்கம் இழுக்க வேண்டும். பயத்தில் நான் முன்னுக்குத் தள்ளிவிடுவேன். "பட்டத்தை ஏத்த நூலை இழுக்கிறேல்லையோடா?" என்றார் பெரியப்பா. அன்றோடு அந்தப் பிழை நின்றது.

பிறகு மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போனோம். விழுவதற்கு அதைப்போல மெத்தை வேறெங்கும் கிடையாது. விமானம் எம்மை விட்டுப் போகும்போது இடது என்றால் இடது, வலது என்றால் வலது. திரும்பி எம்மை நோக்கி வரும்போது அதன் இடது எமக்கு வலது. 20 வருசமாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இது விளங்கியிருக்க வேண்டும்; எனக்குப் பதினொரு தரம் மண்ணுக்குள் மூக்குக் குத்தின பிறகுதான் விளங்கியது. கண்ணாடி போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. உள்ளே இருக்கிறவனுக்கு எப்போதும் தன் இடதுதான் இடது.

வானத்துக்கும் எல்லைக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட பலாலி ஓடுபாதை, 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னைக்கு நிசமான விமானம் போகிற வானம் அது. அதே ஆண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு முழுக்க ஆளில்லா விமானங்களுக்குத் தடையும் வந்தது. இப்போது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு அமையத்தான் பறக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக்கூடாது. கண்ணாடி போட்டவனுக்கோ தன் மூக்கே தெரியாது. ஆகவே பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் விமானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு மருமகனுக்கு. அவன் விமானத்தைப் பார்த்தானோ கைபேசியைப் பார்த்தானோ, கண்ணாடி போட்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?

மாசி மாதம், அறுவடை முடிந்த வயல், வீட்டுக்குப் பின்பக்கம். முற்றத்தில் கதிரையைப் போட்டு, கண்ணாடியை மாட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்துவிட்டா.

"தம்பிக்குக் கண் ஒப்பறேசன் எண்டு கேள்விப்பட்டன். எந்தக் கண்?"

"இரண்டும்தான்," என்றான் மருமகன். ஹோர்லிக்ஸைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று அம்மா உள்ளே கொண்டுபோய் வைத்தா.

முதல் பறப்பை எப்படிச் சொல்ல? மருமகன் கையால் எறிந்தான். வரம்பு ஓடியது, வடலி தாழ்ந்தது, பிறகு எங்கள் ஓட்டுக்கூரை, கிணறு, என்னைப் பெற்ற வளவு முழுவதும் ஒரு தாம்பாளத்தில் வைத்தது போலக் கீழே கிடந்தது. முற்றத்தில் முகமூடி மாட்டின மனிதன் ஒருவன் வாயைத் திறந்தபடி இருந்தான். யார் இந்த விசரன் என்று பார்த்தால், நான். விமானத்தை இடப்பக்கம் சரித்தேன். உடம்பும் கூடச் சரிந்தது. கதிரைக்குச் சரியத் தெரியாது. விமானம் வானத்தில் நின்றது, விமானி விழுந்தார்.

அன்று ஒன்றைக் கவனித்தான் மருமகன். மோட்டர் இரைந்ததும் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாவாம். வன்னியில் இருந்த சனம் வேவு விமானத்துக்கு வைத்த பெயர் வண்டு. அது மேலே இரைந்தால் கொஞ்ச நேரத்தில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அதற்கு முந்தியே ஹெலியும் பொம்பரும் பழக்கம். மேலே சத்தம் கேட்டால் கால் தானாகப் பங்கரைத் தேடும். பங்கர் மூடி முப்பது வருசம்; கால் மறக்கவில்லை. மருமகனுக்கு இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் இல்லாத கதை. "இனி அம்மம்மாட்டைச் சொல்லிப்போட்டுத்தான் ஸ்ராட் பண்ணவேணும், மாமா," என்றான். படிக்கிறான்தான்.

நாலாம் நாள் வாடைக்காற்று விமானத்தைப் பனங்கூடலுக்குள் தள்ளியது. படம் வரும் அலை 5.8 கிகாஹேர்ட்ஸ், மரம் மறைத்தால் அதற்கு மூச்சு நின்றுவிடும். கண்ணாடிக்குள் ஒரே புள்ளிமழை. அந்தக் காலத்தில் உயர்ந்த கம்பத்தில் அன்ரனா கட்டி, கொடைக்கானல் தூரதர்சனுக்குத் தவமிருந்தபோது பார்த்த அதே புள்ளிமழை. படம் திரும்பி வந்தபோது விமானம் அசையவில்லை. 60 அடிப் பனையின் வட்டுக்குள், கங்குமட்டைக்கு நடுவே குந்தியிருந்தது.

எங்கள் பனையில் சீவுகிற அண்ணையைக் கூப்பிட்டோம். பனையடியில் நின்று ஒருக்கால் பலமாகச் செருமினார், பிறகு ஏறினார். விமானத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவந்தவருக்குக் கண்ணாடியைப் போட்டு, பதிவாகியிருந்த படத்தைக் காட்டினேன். ஆவென்று இருப்பார் என்று நினைத்தேன். கழற்றிக் கையில் தந்தார்.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா நான் உதை விடியவும் பின்னேரமும் பாக்கிறனான். கண்ணாடி இல்லாமல்."

"ஏறமுதல் ஏன் அண்ணை செருமினனீங்கள்?"

"கீழை கிணத்தடியிலை ஆரும் நிப்பினம். ஆள் ஏறுது எண்டு தெரியவேணுமெல்லே."

அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன், மனதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அம்மாவுக்கும் ஆசை வந்தது. நான் வெறுங்கண்ணால் ஓட்ட, கண்ணாடியை அம்மாவின் தலையில் மாட்டினோம். முதலில் முருகா என்றா. பிறகு வைரவர் கோயிலைக் கண்டுபிடித்துக் கும்பிட்டா. பிறகு காற்று விமானத்தைப் பக்கத்து வளவுப் பக்கம் கொண்டுபோனது.

"டேய் நில், நில். உது எங்கடை கிடாரம்!"

கண் டொக்டர் காட்டும் பலகையில் இரண்டாம் வரியைத் தாண்டாத அம்மா, புள்ளி விழுந்த படத்தில், ஓடுகிற ஓட்டத்தில், மாமி வீட்டுக் குசினிக்குப் பின்னால் கிடந்த கிடாரத்தை அதன் நெளிவை வைத்துக் கண்டுபிடித்துவிட்டா. 2016இல் அவர்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குக் கொடுத்தது. திருப்பித் தந்தாச்சு என்று மாமியும் வரவில்லை என்று அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எட்டு வருசமாய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதற்குள் வல்லாரை தளதளவென்று நின்றது. ஞாபகசக்திக்கு நல்லது.

அம்மா மதிலடிக்குப் போய்க் கேட்டுவிட்டா. மாமியின் பதில் எனக்கும் சேர்த்துக் கேட்டது. "வேலிப் பொட்டுக்காலை பாத்தால் பொட்டை அடைக்கலாம், அக்கா. வானத்தாலை பாத்தால் நான் எங்கை கிடுகு கட்டுறது?"

அன்று பின்னேரமே கிடாரம் வந்து சேர்ந்தது, வல்லாரையோடு. ஹோர்லிக்ஸ் போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம்.

சீவ வந்த அண்ணையிடம் கதை முழுவதையும் சொன்னேன். முட்டியைக் கழுவியபடியே சிரித்தார்.

"உந்தக் கிடாரம் அங்கை கிடக்கிறது எனக்கு எட்டு வருசமாத் தெரியும்."

"பேந்து ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நான் ஏறினது கள்ளுச் சீவ, தம்பி."

பனையடியில் நின்று செருமினார். ஏறினார். நான் விமானத்தை எடுத்து, பற்றரியை மாட்டி, மூக்குப் பாரம் பார்த்தேன். பிறகு மதில் பக்கம் திரும்பி, தொண்டை நோகிற அளவுக்கு ஒருக்கால் செருமினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மாமி கேட்டா: "தம்பிக்கு இப்ப தொண்டையோ?"