சரிபார்க்கப்பட்டது

கேஸ் ஏஜென்சிச் சுவர்களில் ஒரு பாதுகாப்புப் படம் ஒட்டியிருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிய பெண் ஒருத்தி, மே மாத வெயிலிலும் வேர்க்காத முகத்தோடு, அகலமான ஜன்னல் ஓரத்தில் நின்று, சிரித்துக்கொண்டே ரெகுலேட்டரை மூடுவாள். அந்தச் சமையலறையில் நாலு பேர் தாராளமாகப் பாய் விரித்துப் படுக்கலாம். இப்படியொரு சமையலறை யார் வீட்டில் இருக்கிறது என்று வரைந்தவரோடு சண்டை பிடிக்கப் போவதில்லை. என் கேள்வி வேறு. படத்தில் ஏன் அவள் மட்டும் இருக்கிறாள்? சிலிண்டரை நிரப்பிய எண்ணெய் நிறுவனம் எங்கே? விற்ற ஏஜென்சி முதலாளி எங்கே? வீடு தேடி வந்து சோதிக்க வேண்டிய மெக்கானிக் எங்கே?

அவளுக்கான பாடத்திட்டம் மட்டும் நீளமானது. ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூட வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். மாசக் கடைசியில் மிச்சம் மீதியைக் கறப்பதற்காகப் படுக்கப் போட்டு உருட்டக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ட்யூபை ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும். கசிவைத் தீக்குச்சியால் தேடாமல் சோப்புத் தண்ணீரால் தேட வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் அவசர உதவி எண்ணான 1906-ஐக் கூப்பிட வேண்டும். காற்றைவிடக் கனமான அந்த வாயு மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும், அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறிக்குக் காத்திருக்கும் என்பதையும் அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஒவ்வொன்றையும் கடைப்பிடியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இதே பரீட்சையில் மற்றவர்கள் எழுத வேண்டிய தாளும் ஒன்று இருக்கிறதே, அதைத் திருத்துவது யார்?

முதல் கேள்வி, சிலிண்டரின் தேதி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மறுசோதனைக் கெடு உண்டு. மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டின் உள்பக்கம், பெயின்ட்டுக்கும் துருவுக்கும் நடுவில், 'பி 27' என்று எழுதியிருப்பார்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர்; ஆக, 2027 ஜூன் முடியும்வரை இது நல்ல சிலிண்டர். பால் பாக்கெட்டில்கூடத் தேதியைத் தேதியாக அச்சடிக்கிற நாட்டில், அடுப்படியில் நிற்கும் இரும்புக் குண்டின் கெடுவை மட்டும் விடுகதையாக எழுதி, அதையும் குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் எழுதிவிட்டு, 'வாடிக்கையாளர் கவனித்து வாங்க வேண்டும்' என்று புத்தி சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அடுத்தது டெலிவரி. சிலிண்டரை வாசலில் வைத்ததும் எடை போட்டுக் காட்ட வேண்டும், சீலைப் பிரித்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும். விதி இது. நடப்பது இது:

"எடை போட்டுக் காட்டுங்க தம்பி."

"தராசு வண்டியில இருக்குண்ணே."

"வண்டி எங்க?"

"தெருமுனையில. ஓடிபி சொல்லுங்கண்ணே."

அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். 14.2 கிலோ எரிவாயு பத்திரமாக ஒப்படைக்கப்பட்டது என்று எங்கோ ஒரு கம்ப்யூட்டர் நிம்மதியாகப் பதிந்துகொள்ளும். வால்வுக்குள் வாஷர் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கேட்காது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. இரும்பும் வாயுவுமாகச் சேர்த்து முப்பது கிலோ வரும் ஒன்றைத் தோளில் ஏற்றி, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குச் சுமக்கிறவர் அவர். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி சிலிண்டர் விலைக்குள்ளேயே அடக்கம், நாம் கொடுத்துவிட்டோம். பிறகு எதற்கு வாசலில் இன்னொரு ஐம்பது ரூபாய்? விலையில் வாங்கிய கூலி அவர் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவர் ஏன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கப் போகிறார்? வாசல் காசையே சம்பளமாக்கிவிட்ட முதலாளி, வண்டி நிறைய சிலிண்டரை ஏற்றிவிட்டு 'மத்தியானத்துக்குள் முடி' என்று விரட்டுகிறார். சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி பார்க்க அவருக்கு நேரம் யார் கொடுத்தது? நாம் அவரோடு ஐம்பது ரூபாய்க்குச் சண்டை போடுகிறோம். ஏசி அறையில் இருப்பவருக்கு இந்தச் சண்டை பிடிக்கும்.

மூன்றாவது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் கட்டாய ஆய்வு. கட்டணம் 200 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 236. உயிர் தப்புவதற்கும் வரி உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த ஆய்வாளர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படி எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஆரஞ்சு நிற ட்யூப் ஒன்றை உருவி, இதை வாங்கியே ஆக வேண்டும் என்றார். போன வருடம்தான் மாற்றினோம் என்றதற்கு, "அது வேற, இது வேற" என்று அருள்வாக்கு சொன்னார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். ரெகுலேட்டர் சரி, பர்னர் சரி, காற்றோட்டம் சரி என்று எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

ஆய்வின் லட்சணம் இது. ஆனால் இணைப்பு கொடுப்பதற்கு மேடை உண்டு, மாலை உண்டு. கருணாநிதி ஆட்சியில் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். மோடி ஆட்சியில் 2016-ல், ஏழைப் பெண்களுக்கு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தது. விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிய பெண்களுக்கு இவை செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தலைவராவது பழைய ட்யூபை மாற்றிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? ட்யூபுக்கும் ஆட்சிக்கும் ஒரே ஐந்து வருடம்தான் ஆயுள். அந்த ஒற்றுமை அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும்.

2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில், கசிந்து தேங்கிய எரிவாயு விடியற்காலையில் தீப்பிடித்து வெடித்தது. ஒரு வீட்டின் கசிவுக்கு ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்து இடிந்தன. இடிபாட்டில் செத்தவர்களில் தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரும் இருந்தார். தீயை அணைப்பதையே தொழிலாகக் கொண்டவர், பக்கத்து வீட்டுக் கசிவில் செத்தார். தன் வீட்டு ரெகுலேட்டரை அவர் எத்தனை கவனமாக மூடியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தனித்தனிப் பெண்களின் ஜாக்கிரதையை நம்பி ஒரு தெருவையே விட்டுவிடலாம் என்று நினைக்கும் அதிகாரிகள் அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டியில், யார் கண்ணிலும் படாமல் ஒரு சிலிண்டர் மதுரை வரைக்கும் பயணம் செய்து ஒன்பது பேரைக் கொன்றது. ரயிலையே சோதிக்காதவர்கள் உங்கள் அடுப்படியையா சோதிக்கப் போகிறார்கள்?

வெடித்த பிறகு ஒரு ரகசியம் வெளியே வரும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்திருக்கின்றன. உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம், வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. புக்கிங் செய்தால் பண்டிகை வாழ்த்து அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. உரிமை கோரப் போனால், விபத்து நடந்த இடம் பதிவு செய்த முகவரிதானா என்று பார்ப்பார்கள். வாடகை வீட்டுக்காரர் அத்தை பெயரில் உள்ள இணைப்பை வைத்துப் பொங்கிக்கொண்டிருப்பார். அவர் பெயரில் ஏன் இல்லை? ஒப்பந்தம் எழுதித்தர வீட்டு ஓனர் மறுத்துவிட்டார். ஒப்பந்தமில்லாமல் இணைப்பு தர ஏஜென்சி மறுத்துவிட்டது.

அடுத்து, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ட்யூப்தானா, ரசீது எங்கே என்று கேட்பார்கள். கூரையே இல்லாத வீட்டில் ரசீதை எந்தப் பரணில் தேடுவது? ஏஜென்சி பீரோவில் ஆய்வுப் படிவம் மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கும், எல்லாக் கட்டத்திலும் டிக்கோடு, கீழே செத்துப்போனவளின் கையெழுத்தோடு.