அறுபதில் ஒரு சிறகு

கேள்வி: எனக்கு 61 வயது. ரிமோட் விமானம் செய்து பறக்கவிட ஆசை. ‘பேரன் ஆடவேண்டிய ஆட்டம் இது’ என்கிறார் மனைவி. உங்கள் தீர்ப்பு?

பதில்: பேரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுந்த விமானத்தை ஓடிப்போய் எடுத்துவர இளங்கால்கள் வேண்டும்!

வீட்டம்மாவிடம் ரிமோட் விமானம் செய்த மேனார்ட் ஹில் என்பவரின் கதையைச் சொல்லுங்கள். பால்சா மரத்தால் அவர் செய்த விமானம் எரிபொருளோடு சேர்த்தே 5 கிலோவுக்குள்தான். 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, ஏறத்தாழ 39 மணி நேரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. கடல்மேல் வழி பார்த்தது தானியங்கிக் கருவி. கரையில் இறக்கியது ரிமோட். அதற்கு முன் அனுப்பியவற்றைக் கடல் விழுங்கியிருந்தது. அப்போது ஹில்லுக்கு வயது 77. பார்வை ஏறக்குறைய போய்விட்டது, காதும் மந்தம். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நீங்கள் முதலில் மைதானத்தைத் தாண்டுங்கள், கடல் காத்திருக்கும். இறக்கை மேலே அமைந்த பயிற்சி விமானமாகச் செய்யுங்கள். அது சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். எடைமையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்கட்டும். வால் கனத்தால் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

பேரனுக்கும் ஒரு முறை குச்சியைக் கொடுங்கள்.