ஒரே கப்பல், இரண்டு கொடி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய ஃபிளெட்சர் வகை நாசகாரிக் கப்பல்கள் மொத்தம் எத்தனை?

175. இட்லிக் கொப்பரையில்கூட ஒரே ஈட்டில் அத்தனை வேகாது. அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த கப்பல் தளங்கள் பங்கு போட்டுக்கொண்டு கட்டின. மெய்ன் மாநிலத்தின் பாத் அயர்ன் ஒர்க்ஸ் தளத்திலிருந்து மட்டும் 31 கப்பல்கள் இறங்கின.

பெயரில் ஒரு சின்ன அநியாயம் உண்டு. முதலில் பணியில் சேர்ந்தது ‘நிக்கலஸ்’, 1942 ஜூன் 4 அன்று. ‘ஃபிளெட்சர்’ வந்து சேர்ந்தது அதே மாதம் 30-ஆம் தேதி. வரிசை எண்ணில் முன்னால் நின்றதால் குடும்பப் பெயர் அதற்குப் போய்விட்டது. சீனியாரிட்டி பட்டியலில் பெயர் தவறிப்போன அரசு ஊழியர்கள் நிக்கலஸின் மனநிலையைப் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: அப்படி என்ன அதிசயம் அந்தக் கப்பலில்?

அதிசயம் ஒன்றுமில்லை, இடம் இருந்தது. அதற்கு முன்பு கட்டிய நாசகாரிகள் கடற்படை ஒப்பந்தங்களின் எடைக் கட்டுப்பாட்டுக்குள் பிதுங்கி நின்றவை. ஒப்பந்தம் காலாவதியானதும் வடிவமைப்பாளர்கள் மூச்சு விட்டார்கள். 2,050 டன், சுமார் 115 மீட்டர் நீளம், 60,000 குதிரைத்திறன், மணிக்கு 35 கடல்மைலுக்கு மேல் வேகம். ஐந்து அங்குலப் பீரங்கி ஐந்து, டார்பிடோ குழாய் பத்து. முன்னிருந்து பின்வரை ஒரே மட்டமான மேல்தளம்.

ஜப்பானியர்களின் டார்பிடோ இதைவிடப் பெரியது, தூரமும் கூடுதலாகப் போகும். போரின் முதல் பாதியில் அமெரிக்க டார்பிடோக்கள் பல, இலக்கைத் தொட்டும் வெடிக்காமல் மானத்தை வாங்கின. ஆக, ஃபிளெட்சர்தான் உலகிலேயே சிறந்தது என்று யாராவது சத்தியம் செய்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது. ஆனால் விமானத் தாக்குதல் பெருகியபோது கூடுதல் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பொருத்த இடம் கிடைத்தது. ரேடார் வந்தபோது அதற்கும் கிடைத்தது. போர் முடிந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராக இவை வேலை பார்த்த ரகசியமும் அதுவே.

கேள்வி: சொந்த நாட்டு ஜனாதிபதி மீதே டார்பிடோ விட்ட கப்பல் ஒன்று உண்டாமே? வாட்ஸ்அப் கதையா?

இல்லை, நிஜம். பெயர் ‘வில்லியம் டி. போர்ட்டர்’, அசல் ஃபிளெட்சர் வகை. 1943 நவம்பர் 14 அன்று, கெய்ரோ, தெஹ்ரான் மாநாடுகளுக்குப் புறப்பட்ட ரூஸ்வெல்ட், ‘அயோவா’ என்ற பெரும் போர்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தார். காவலுக்கு வந்த போர்ட்டர் டார்பிடோ ஒத்திகை நடத்தியது. ஒத்திகைக்கு இலக்கு வேண்டுமே, பக்கத்தில் அயோவா இருந்தது. ஒரு குழாயில் வெடிமருந்தைக் கழற்ற மறந்திருந்தார்கள். ஒத்திகை என்று விசையை அழுத்தியதும் உண்மையான டார்பிடோ ஒன்று தண்ணீரில் குதித்து அயோவாவை நோக்கிப் போயிற்று. எச்சரிக்கை கிடைத்து அயோவா திரும்பிக்கொள்ள, அது கப்பலுக்குப் பின்னால் அலைத்தடத்தில் வெடித்தது.

ரூஸ்வெல்ட் ஜனநாயகக் கட்சிக்காரர். அதனால், அதன் பிறகு போர்ட்டரைக் கண்ட கப்பல்கள் எல்லாம் “சுடாதீர்கள், நாங்கள் குடியரசுக் கட்சி” என்று கூவியதாக ஒரு கிண்டல் ஒட்டிக்கொண்டது. இந்தக் கப்பலின் பெயரில் உலவும் மற்ற பல கூத்துகளுக்கு ஆதாரம் இளைத்தது. அவற்றை வாட்ஸ்அப்பிடமே விட்டுவிடலாம்.

முடிவு மட்டும் கதையை மிஞ்சியது. 1945 ஜூன் 10, ஓக்கினாவா அருகே ஒரு தற்கொலை விமானம் போர்ட்டரைத் தொடாமல் பக்கத்துக் கடலில் விழுந்தது. அப்பாடா என்பதற்குள், அது கப்பலுக்கு அடியில் போய் வெடித்தது. சுமார் மூன்று மணி நேரத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. மாலுமிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. அபசகுனக் கப்பல் என்று பெயர் வாங்கியதற்கு இப்படி ஒரு முடிவு.

கேள்வி: உருளைக்கிழங்கு வீசி நீர்மூழ்கியை விரட்டிய கதையும் உண்மைதானா?

இங்கே கேப்டனே எதிர்சாட்சி. 1943 ஏப்ரலில் சாலமன் தீவுகளுக்கருகே ‘ஓ’பேனன்’ என்ற ஃபிளெட்சர், இருட்டில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மிக நெருக்கத்தில் போய் நின்றது. பீரங்கியைத் தாழ்த்திச் சுட முடியாத அளவு நெருக்கம். மாலுமிகள் கைக்குக் கிடைத்த உருளைக்கிழங்கை வீசினார்கள், எதிரி அதைக் கையெறி குண்டு என்று நினைத்துப் பதறினான் என்பது கதை. பிற்காலத்தில் கேப்டன் டொனால்ட் மெக்டொனால்ட் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார். கிழங்கு வீசலாம் போன்ற தூரம் என்று யாரோ சொன்னது, வீசினார்கள் என்று ஆகிவிட்டது.

ஆனால் மெய்ன் மாநில உருளைக்கிழங்கு விவசாயிகள் அதற்குள் கப்பலுக்கு ஒரு பாராட்டுப் பலகையே அனுப்பிவிட்டார்கள். பலகை வந்த பிறகு உண்மைக்கு எங்கே இடம்? ஓ’பேனன் அந்தப் போரில் 17 போர் நட்சத்திரங்கள் பெற்றது. அமெரிக்க நாசகாரிகளில் அதுவே உச்சம். அத்தனை சண்டையிலும் அதன் மாலுமி ஒருவருக்கும் காயப்பட்டோருக்கான பதக்கம் தரவேண்டி வரவில்லை. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கிழங்கு எங்கே என்கிறார்கள்.

கேள்வி: சிரித்தது போதும். இந்தக் கப்பல்கள் உருப்படியாக ஏதாவது செய்தனவா?

1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு வெளியே. ஆறு சிறிய விமானந்தாங்கிகளும், அவற்றுக்குக் காவலாகச் சில சிறு கப்பல்களும் காலை வேலையைத் தொடங்கும் நேரத்தில், ஜப்பானிய அட்மிரல் குரிட்டாவின் படை அடிவானத்தில் முளைத்தது. நான்கு பெரும் போர்க்கப்பல்கள், எட்டு க்ரூசர்கள், பதினொரு நாசகாரிகள். அந்த நான்கு பெரும் போர்க்கப்பல்களில் ஒன்று ‘யமாட்டோ’. ஃபிளெட்சர் வகைக் கப்பல் சுமார் முப்பதை ஒரு தட்டில் வைத்தால்தான் மறு தட்டில் யமாட்டோ சமமாகும். எதிரே நின்ற ஃபிளெட்சர்கள் மூன்று: ‘ஜான்ஸ்டன்’, ‘ஹோல்’, ‘ஹீர்மன்’.

ஜான்ஸ்டனின் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸ், ஓக்லஹோமாவைச் சேர்ந்த பூர்வகுடி அமெரிக்கர். மேலிடத்து உத்தரவு வருமுன்பே கப்பலைத் திருப்பி எதிரியை நோக்கி விட்டார். பத்து டார்பிடோக்களையும் விட்டார். ஒன்று ‘குமானோ’ என்ற கனரகக் க்ரூசரின் மூக்கைப் பெயர்த்தது. பதிலடியில் பெரும் குண்டுகள் விழுந்து வேகம் பாதியானது. எவன்ஸ் காயப்பட்டார். டார்பிடோ தீர்ந்துபோன, பாதி வேகமுள்ள கப்பல் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவும் சண்டைக்குள் போனார். ஹோல் மூழ்கியது. இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடித்து ஜான்ஸ்டனும் மூழ்கியது. 327 பேரில் 186 பேர் இறந்தார்கள், எவன்ஸ் உட்பட. அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம், இறப்புக்குப் பின்.

குரிட்டா திரும்பிப் போய்விட்டார். எதிரே இருப்பது பெரிய படை என்று அவர் எண்ணிவிட்டார் என்பது பரவலான விளக்கம். சின்னக் கப்பல்கள் இப்படிப் பாய்ந்து வந்தால் பின்னால் பெரிசு ஏதோ இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஜான்ஸ்டனின் சிதைவு இன்றும் சுமார் 6,450 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 2021-இல் ஆழ்கடல் ஆய்வாளர் விக்டர் வெஸ்கோவோ தன் கலத்தில் இறங்கிப் பார்த்து உறுதி செய்தார். பிழைத்த ஹீர்மன் 1961-இல் அர்ஜென்டினாவுக்குப் போய் ‘பிரவுன்’ என்று பெயர் மாறி ஸ்பானிய உத்தரவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கேள்வி: போர் முடிந்ததும் மிச்சக் கப்பல்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்களா?

உடனே போடவில்லை. போரில் மூழ்கியவை 19. மற்றவற்றில் பெரும்பாலானவை கிரீஸ் பூசி, மூடி முத்திரை வைத்து வரிசையாகக் கட்டிப்போடப்பட்டன. கொரியப் போர் வந்ததும் பலவற்றை எழுப்பினார்கள். அதற்குள் அமெரிக்காவுக்குப் புதுக் கூட்டாளிகள் கிடைத்திருந்தார்கள். கையில் கடற்படை இல்லாத கூட்டாளிக்குக் கப்பல் கொடுப்பது, பணம் கொடுப்பதைவிட மலிவு. கிரேக்கம், துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், பிரேசில், சிலி, பெரு, கொலம்பியா, தென்கொரியா, தைவான் என்று ஃபிளெட்சர்கள் கிளம்பின. பெரும்பாலும் இரவல் கணக்கில்தான். இரவல் பொருள் திரும்பி வருவது எப்படியோ, இதுவும் அப்படியே.

வேடிக்கை, பழைய எதிரிகளின் பங்கில்தான். 1959-இல் ஜப்பானுக்கு இரண்டு ஃபிளெட்சர்கள் கிடைத்தன: ‘ஹேவுட் எல். எட்வர்ட்ஸ்’, ‘ரிச்சர்ட் பி. லியரி’. இரண்டும் 1944-இல் சுரிகாவோ நீரிணையில் ஜப்பானியப் பெரும் கப்பல்கள் மீது டார்பிடோ விடப் போனவை. ஜப்பானியர்கள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் ‘அரியாகே’, ‘யுகுரே’. இதே பெயர் தாங்கிய இரு பழைய ஜப்பானிய நாசகாரிகளை 1943 ஜூலையில் மூழ்கடித்தவை அமெரிக்க விமானங்கள். செத்தவனின் பெயரை, சாகடித்தவன் வீட்டுப் பிள்ளைக்கே வைத்த கதை.

ஜெர்மனிக்கு ஆறு கிடைத்தன. ஜெர்மானியர்கள் பெயர் வைக்க மெனக்கெடாமல் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டார்கள். ஆறாம் எண் ‘சார்லஸ் ஆஸ்பர்ன்’. இதன் பூர்வீகம் கொஞ்சம் பெரியது. அர்லி பர்க் என்ற கேப்டனின் கொடிக்கப்பல் அது. 1943 நவம்பர் 25, செயின்ட் ஜார்ஜ் முனைக்கு வெளியே இரவுச் சண்டையில் பர்க்கின் ஐந்து ஃபிளெட்சர்கள், ஐந்து ஜப்பானியக் கப்பல்களைச் சந்தித்து மூன்றை மூழ்கடித்தன. தன் பக்கம் ஒரு குண்டுகூட விழவில்லை. தப்பியதில் ஒன்று ‘அமகிரி’. ஏறக்குறைய நான்கு மாதம் முன்பு ஜான் கென்னடியின் சிறு படகை இரண்டாகப் பிளந்தது அதுதான்.

பர்க்கின் அந்த ஐந்து கப்பல்கள் என்ன ஆயின? ஆஸ்பர்ன், கிளாக்ஸ்டன், டைசன் மூன்றும் ஜெர்மன் கொடி கட்டின. கன்வர்ஸ், பிராங்கோவின் ஸ்பெயினுக்குப் போயிற்று. ஸ்பென்ஸ் எங்கும் போகவில்லை. 1944 டிசம்பர் 18 அன்று பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே வீசிய சூறாவளியில் கவிழ்ந்தது. எண்ணெய்த் தொட்டிகள் ஏறக்குறைய காலி, அடிப்பகுதியில் கனம் இல்லை. பிழைத்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். ஜப்பானியக் கடற்படையால் முடியாததைக் காற்று செய்தது.

கேள்வி: இந்தக் கப்பல்களில் அரசியல் பேசியது எது?

‘வெலோஸ்’. அமெரிக்கக் கடற்படையில் ‘சாரெட்’ என்று இருந்து 1959-இல் கிரேக்கத்துக்குப் போனது. 1967 முதல் கிரேக்கத்தில் ராணுவத் தளபதிகளின் ஆட்சி. 1973 மே 25 அன்று நேட்டோ பயிற்சியில் இருந்த வெலோஸின் கேப்டன் நிகோலாவோஸ் பப்பாஸ், அணியை விட்டு விலகி ரோம் அருகே ஃபியூமிசினோ கரைக்கு வெளியே நங்கூரம் போட்டார். ஒரு குண்டு சுடவில்லை, ஒரு ஊரைப் பிடிக்கவில்லை. சிலர் படகில் கரையேறி, பத்திரிகைகளுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். கேப்டனும் சுமார் முப்பது பேரும் இத்தாலியில் அடைக்கலம் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் ராணுவ ஆட்சி விழுந்தது. அதற்கு சைப்ரஸ் நெருக்கடிதான் நேரடிக் காரணம்; வெலோஸ் அதை வீழ்த்தியது என்றால் மிகை. ஆனால் கடற்படை தங்கள் கையில் என்று தளபதிகள் வெளிநாட்டில் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது. பப்பாஸ் பின்னாளில் கிரேக்கக் கடற்படையின் தலைவரானார்.

கேள்வி: நம் கடற்படைக்கு ஃபிளெட்சர் கிடைக்கவில்லையா?

இல்லை. இந்தியா அப்போது பிரிட்டன் கடையில் வாடிக்கையாளர். 1949-இல் ‘ரோதர்ஹாம்’, ‘ரிடவுட்’, ‘ரெய்டர்’ என்ற போர்க்கால நாசகாரிகளை வாங்கி ராஜ்புத், ரஞ்சித், ராணா என்று பெயரிட்டது. 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவு, விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்குண்டுகளால் என்கிறது இந்தியா; உள்ளேயே நேர்ந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். காஜியின் பிறந்த வீடு அமெரிக்கா, பழைய பெயர் ‘டயாப்ளோ’. ஜெர்மனியோடு சண்டையிடப் பிரிட்டன் கட்டிய கப்பலும், ஜப்பானோடு சண்டையிட அமெரிக்கா கட்டிய நீர்மூழ்கியும் ஆந்திரக் கடலில் சந்தித்துக்கொள்ளும் என்று 1945-இல் யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் தட்சிணை கிடைத்திருக்காது.

கேள்வி: இவற்றில் சினிமா நட்சத்திரம் யார்?

‘கிட்’. 2020-இல் வெளியான ‘கிரேஹவுண்ட்’ படத்தில் டாம் ஹாங்க்ஸின் கப்பலாக வந்தது அதன் மேல்தளம்தான். லூசியானாவின் பேட்டன் ரூஜில் மிசிசிப்பி ஆற்றில் நின்ற இடத்திலேயே நடித்தது. ஆற்றில் தண்ணீர் வற்றும் மாதங்களில் அது மிதப்பதில்லை, தொட்டில்போன்ற மேடையில் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: ஒரு ஃபிளெட்சர் கப்பலை இப்போது விலைக்கு வாங்க முடியுமா?

கடைசி வாய்ப்பு போய்விட்டது. 1942-இல் நீரில் இறங்கிய ‘ஜான் ராட்ஜர்ஸ்’, 1970-இல் மெக்சிகோவுக்குப் போய் அஸ்டெக் அரசன் ‘குயித்லாவாக்’ பெயரில் 2001 வரை பணியில் இருந்தது. வேறெந்த ஃபிளெட்சரும் அவ்வளவு காலம் உழைக்கவில்லை. அதை அமெரிக்காவுக்கு இழுத்துவந்து அருங்காட்சியகமாக்க ஒரு முயற்சி நடந்தது. துறைமுகத்தைத் தாண்டாமலே அது சிக்கலில் மாட்டி, கப்பல் உடைக்கப்பட்டது.

இப்போது உலகில் மிச்சம் நான்கு: பேட்டன் ரூஜில் கிட், பாஸ்டனில் கசின் யங், பஃபலோவில் தி சல்லிவன்ஸ், கிரேக்கத்தில் வெலோஸ். இதில் தி சல்லிவன்ஸ் 2022 ஏப்ரலில் நின்ற இடத்திலேயே பாதி மூழ்கி, பிறகு தூக்கி நிறுத்தப்பட்டது. நான்கில் எதுவும் விற்பனைக்கு இல்லை. டிக்கெட் வாங்கலாம்.