சிவப்பு வட்டம்

எல்லா நகரிலும் ஒருவர் இருப்பார். நலச்சங்கத் தேர்தலில் தலைவர் பதவி வேண்டாம், பொருளாளர் என்றால் கையெழுத்துத் தொல்லை என்று இரண்டையும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டு, "செக்யூரிட்டியை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். எங்கள் நகரில் அவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை கணக்குகளைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கினார். இப்போது மனிதர்களை இலவசமாகச் சந்தேகப்படுகிறார்.

கையில் டார்ச், கழுத்தில் விசில், வாக்கிங் என்ற பெயரில் ரோந்து, வாசலில் நிற்கும் எந்தப் புது வண்டியையும் போட்டோ எடுப்பது இதெல்லாம் உங்கள் ஊர்க்காரரும் செய்வதுதான். 2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் ஆணையரகம் வந்தபோது, சென்னை ஆணையருக்கு அதுவரை அனுப்பிய மனுக்கள் அத்தனையையும் தேதி மாற்றிப் புது ஆணையருக்கு ஒரு செட் அனுப்பிவைத்தார். அதையும் விட்டுவிடுவோம். எங்கள் சாரின் தனிச்சிறப்பு சிவப்பு வட்டம்.

நகருக்குள் சந்துக்குச் சந்து கேமரா. 'மூன்றாவது கண்' என்று சென்னைப் போலீஸ் வீட்டுக்கு வீடு கேமரா வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த காலத்தில், வசூலுக்கு இவரே நோட்டும் கையுமாக இறங்கி மாட்டவைத்தவை. எல்லாக் கேமராவும் சங்க அறையில் இருக்கும் டிவிஆர் பெட்டியில் போய்ச் சேரும். பெட்டியின் ஆப் அவருடைய போனில். காலையில் காபியோடு உட்கார்ந்து, முந்தைய இரவு முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிடுவார். பேப்பர் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார். "அதுல என்ன சார் இருக்கு? எல்லாம் வெளியூர் சமாசாரம்."

ஓட்டத்தில் ஓர் உருவம் தட்டுப்பட்டால் போதும். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார். ஆள்காட்டி விரலால் அந்த உருவத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போடுவார். நகர் வாட்ஸ்அப் குழுவில் அது வந்து விழும்: "இன்று அதிகாலை 4.52. மூன்றாவது குறுக்குத் தெரு. இந்த நபர் யார்? விவரம் அறிந்தோர் உடனே தெரிவிக்கவும்."

அந்த 4.52 நபர் என் மச்சான். திருநெல்வேலியில் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடப்பட்டு, ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்குத் திருநெல்வேலிக்கே திரும்பிப் போய்விடலாமே என்று மலைத்து, டவுன் பஸ் பிடித்து, மெயின் ரோட்டில் இருந்து நடந்து வந்திருக்கிறான். அவன் கையில் இருந்த பையைச் சுற்றித் தனியாக இன்னொரு சின்ன வட்டம். அது அல்வா. நான் எழுந்து போனைப் பார்ப்பதற்குள் குழுவில் மூன்று கும்பிடு, ஒரு 'பி கேர்ஃபுல்', கண்ணாடி போடாமல் டைப் அடித்த யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வந்துவிட்டன. "சார், அது என் மச்சான்" என்று போட்டேன். "நோட்டட். எத்தனை நாள் தங்குவார்?" என்று பதில் வந்தது. அதே கேள்வியை என் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து நானே கேட்கலாம் என்று இருந்தேன்.

வட்டத்தில் தரவரிசை உண்டு. சாதாரண ஆளுக்கு ஒற்றை வட்டம். தலையில் ஹெல்மெட்டோ தொப்பியோ இருந்தால் இரட்டை வட்டம். நின்று யோசிக்கிற மாதிரி தெரிந்தால் வட்டத்தோடு அம்புக்குறியும் வரும். பால் பாக்கெட் போடுகிற பையன், மின்வாரிய ரீடிங் எடுப்பவர், தண்ணீர் கேன்காரர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்து கதவு எண் தெரியாமல் முழித்த தம்பதி என்று எல்லாரும் வட்டத்துக்குள் போய் வந்தவர்கள். ஒரு தடவை பசுமாடு ஒன்றைச் சுற்றியும் வட்டம். "உரிமையாளர் யார்?" என்று கேட்டிருந்தார். மாடு நின்று யோசித்திருக்கிறது போல, அம்புக்குறியும் இருந்தது.

மார்கழி மாதத்தில்தான் உச்சம் தொட்டார். "அதிகாலை 4.20. குரங்குக் குல்லா, மப்ளர். முகத்தை மறைத்துள்ளார். ஒவ்வொரு கேட்டாகத் தள்ளிப் பார்க்கிறார். மிகவும் சந்தேகத்துக்குரியவர்." இரட்டை வட்டம், இரண்டு அம்புக்குறி. குழுவே ஆடிப்போய்விட்டது. போலீஸுக்குச் சொல்லலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் அவர் வீட்டம்மா குழுவிலேயே பதில் போட்டார்: "என்னங்க, அது நீங்கதான்."

பதிவை அழித்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் ஒரு வாரமாவது வட்டம் போட்டிருக்க மாட்டார். இவர் மத்தியானமே ஒரு கூரியர் பையனைப் போட்டார்.

இதனால் நகரத்து மக்களின் நடை உடையே மாறிவிட்டது. ராத்திரி குப்பை கொட்டப் போகிறவர்கள் தலை வாரிக்கொண்டு போகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிப்பவர். எந்தக் கேமராவுக்கும் சிக்காத ஒரே இடம் பாதாம் மரத்தடி என்று கண்டுபிடித்து அங்கே போனார். அங்கே ஏற்கெனவே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்களாம். போன வாரம் சார் என்னை நிறுத்தி, "நேத்து ராத்திரி பத்தே முக்காலுக்கு பிரியாணி டெலிவரி வந்துச்சே, வீட்ல உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். அக்கறைதான். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தோம்.

இவ்வளவு காவலுக்கு நடுவே நிஜமாகவே ஒரு பைக் திருட்டுப் போனது. சார் முகத்தில் அன்று தெரிந்ததைச் சோகம் என்று சொல்ல மாட்டேன். குளித்து, சட்டையை இன் பண்ணி, பென்டிரைவில் பதிவை ஏற்றிக்கொண்டு, பைக்காரரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குப் போனார். "த்ரீ செவன்டி நைன் போடுங்க" என்று சட்டமும் சொல்லிக்கொடுத்தார். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "அதெல்லாம் 2024 ஜூலையோட போச்சு சார். இப்ப முன்னூத்தி மூணு" என்றிருக்கிறார். பிறகு படத்தை ஓட்டினார்கள். வண்டி வருகிறது, ஹெட்லைட் கேமராவைப் பார்க்கிறது, நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கில் எடுக்கிற கேமராவுக்கு நம்பர் பிளேட் எப்போதுமே கண்கூச்சம். லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி வேறு குடும்பத்தோடு குடியிருந்தது. அந்த விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி அது வரும். சரி, நேரமாவது தெரிகிறதா என்று பார்த்தால், மூலையில் 01-01-2000 என்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருக்கிற பட்டன் செல் எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் பெட்டி பிறந்த தேதிக்கே திரும்பிவிட்டது. எங்கள் நகருக்கு மனை பிரித்ததே 2000-க்கு அப்புறம்தான். பத்திரப்படி பார்த்தால் அந்த பைக் நெல் வயலில் இருந்துதான் திருடுபோனது.

கோடை விடுமுறையில்தான் அவரைப் பிடித்துப்போகும். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், வீட்டை ரோந்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று போலீஸ் வருஷா வருஷம் சொல்கிறது. நாம் வருஷா வருஷம் மறக்கிறோம். இவர் மறப்பதில்லை. யார் எந்தத் தேதியில் கிளம்புகிறார்கள் என்று எழுதிவைத்து, ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்காமல் நகரமாட்டார். நாம் போனபிறகு வாசலில் விழும் பேப்பரையும் நோட்டீஸையும் பொறுக்குவார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார். சாயங்காலம் வந்து வராந்தா விளக்கைப் போட்டு, காலையில் வந்து அணைப்பார். பத்துப் பைசா வாங்கமாட்டார். எல்லார் வீட்டுச் சாவியும் கதவு எண் ஒட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் அவரிடம் இருக்கிறது. அந்த ஒரு டப்பா போனால் நகரே காலி என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

"பூட்டின வீட்டைத் திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் தெரியுமா? பூட்டைப் பார்த்து இல்ல. வாசல்ல கோலம் இருக்கான்னு பார்ப்பான்" என்பார். இது உண்மை. அதனால் பூட்டிய வீடுகளுக்கு அவரே போய் வாசல் தெளித்துக் கோலம் போடுவார். முழங்கால் வலி இருப்பதால் புள்ளி வைத்து இழுக்க முடியாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கோல அச்சு ஒன்று வாங்கிவைத்திருக்கிறார். மாவைப் போட்டுத் தட்டினால் ஒரு தாமரை விழும். தெளித்த ஈரம் காய்வதற்குள் தட்டிவிட வேண்டும் என்பதால் வாளியும் அச்சுமாகத் தெருத் தெருவாக அரை ஓட்டம் ஓடுவார். வேட்டி நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும். மே மாதம் நடந்து போனால் பூட்டிய வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் அதே தாமரை, அதே இடத்தில் ஓர் இதழ் அடைத்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே வந்தவன், மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "சார், தாமரை இருக்கிற வீட்டிலெல்லாம் ஆள் இல்லேன்னு திருடனுக்கு ஒரே நாள்ல புரிஞ்சுடுமே."

நின்று யோசித்தார். அன்று ராத்திரி குழுவில் சுற்றறிக்கை வந்தது: "பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு, மே மாதம் முழுவதும் அனைத்து வீடுகளிலும் தாமரைக் கோலம் மட்டுமே போடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது." நகர்ப் பெண்கள் வழக்கமாகப் போடுவதைவிட இரண்டு புள்ளி வரிசை கூடுதலாக வைத்து மறுநாள் பதில் சொன்னார்கள்.

இந்த மனிதரிடம் கோபப்படுவது கஷ்டம். ஆனாலும் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்த வட்டம் எல்லார் மேலும் விழுவதில்லை. வெள்ளை இன்னோவா வந்தால் கேட் தானாகத் திறக்கும். அதில் யார் வந்தார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டரில் தினமும் கையெழுத்துப் போடுவது வீட்டு வேலைக்கு வரும் பெண்களும், கட்டட வேலை ஆட்களும், பழைய பேப்பர்காரரும்தான். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா இந்த நகருக்குச் சாலை வருவதற்கு முன்பிருந்தே இங்கே வருகிறவர். திரும்பிப் போகும்போது அவர் பையைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை நாங்கள்தான் கொடுத்தோம் என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "சாம்பார், ஒரு டப்பா" என்று என் மனைவி ஒரு நாள் எழுதிக்கொடுத்தாள். அதை வாங்கும்போது அந்த அக்கா சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

கடைசித் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த பீகார்ப் பையன்கள் ராத்திரி தெருவிளக்கடியில் நின்று போன் பேசினார்கள். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காது. நின்று பேசியதால் இரட்டை வட்டம், அம்புக்குறி, 'வடமாநில நபர்கள்' என்ற தலைப்பு. யாரோ நூறுக்குப் போன் அடித்துவிட்டார்கள். ரோந்து வண்டி வந்து ஏற்றிப்போனது. காலையில் மேஸ்திரி போய்க் கூட்டிவந்தார். வட்டம் போட்டவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. "சந்தேகப்படறதுல தப்பில்லையே சார்" என்றார்.

தப்பு இருக்கிறது. 2018 மே மாதம், குலதெய்வம் கும்பிடச் சென்னையில் இருந்து காரில் போன குடும்பம் ஒன்று, போளூர் பக்கம் அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் காரில் இருந்த வயதான அம்மா ஒருவர் செத்தே போனார். அடித்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். இப்படி நாடு முழுக்கப் பல இடங்களில் நடந்தபிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தட்டில் ஐந்துக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் நிறுத்திவைத்தது. எங்கள் சாருக்கு அது இன்றுவரை குறைதான். "அஞ்சு அஞ்சா அனுப்பறதுக்குள்ள திருடன் திண்டிவனம் தாண்டிடுவான்."

இதில் யாருமே வட்டம் போட்டுக் காட்டாத ஆள் ஒருவர் உண்டு. கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணன். செஞ்சிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். மாற்று ஆள் வராத நாளில் அதுவே இருபத்து நாலாகிவிடும். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ரிஜிஸ்டர், தலைக்கு மேல் ஒரு தகரம் உண்டு. கழிப்பறை கிடையாது. யாருமே போடாத வட்டத்தைப் போன மாதம் சார் போட்டுவிட்டார்: "இரவு 1.40. காலி மனையில் அசுத்தம் செய்யும் இந்த நபர் யார்?" யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கேட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு கழிப்பறை கட்டலாம் என்று எழுந்து கேட்டேன். நிதி நிலைமையைப் பொறுத்து அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த தீர்மானம், மேலும் நான்கு கேமரா. ஒருமனதாக நிறைவேறியது, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. மூன்று கேமரா தெருமுனைகளுக்கு. நான்காவது கேட்டுக்கு, ரோட்டைப் பார்த்து இல்லை, உள்பக்கமாக. அண்ணன் ராத்திரியில் நாற்காலியில் தூங்குகிறாரா என்று பார்ப்பதற்காம்.