ஸ்பான்சர் யார்?

நியம்கிரி மலையில் போராடும் டோங்கிரியா கோந்த் மக்களுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று அரசுக்கு ஓயாத சந்தேகம். பணம் எங்கிருந்து வருகிறது? தூண்டிவிடுவது யார்? இத்தனை வருஷம் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது யார்? உளவுத்துறையினர் மலையேறி மூட்டுத் தேய வேண்டாம். ஆளை நானே காட்டிக்கொடுக்கிறேன்.

ஒடிசாவின் லாஞ்சிகரில், மலையடிவாரத்தில், பாக்சைட் வெட்ட அனுமதி கிடைக்கும் முன்பே வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை எழும்பிவிட்டது. பெண் கேட்கும் முன்பே பந்தக்கால் நட்டாயிற்று. மலைக்காரர்கள் மறுத்தார்கள். அவர்கள் கும்பிடும் நியம் ராஜா குடியிருக்கும் உச்சியில்தான் பாக்சைட்டும் இருக்கிறது. மழையைக் குடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவதும் அந்தப் படிவம்தான். அன்னாசி, மஞ்சள், கேழ்வரகு எல்லாம் அந்த ஈரத்தில் விளைபவை. இது புரியப் பொருளாதார மேதையாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ மேதைகளுக்குப் புரியவில்லை.

கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது உச்ச நீதிமன்றம், 2013-ல். மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். அரசு பொறுக்கியெடுத்தது 12. மாவட்ட நீதிபதி உட்கார்ந்து பார்க்க, 12 ஊரும் வேண்டாம் என்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை. அதோடு விட்டார்களா? மறுபடியும் கிராம சபை கூட்ட வேண்டுமென்று 2016-ல் மாநில அரசு நீதிமன்றப் படியேறித் திரும்பியது. ‘சரி’ என்று வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பெயர்தான் மக்கள் கருத்துக் கேட்பு போலும்.

அடுத்த ஆண்டு, இந்தப் போராட்டத்தை நடத்தும் நியம்கிரி சுரக்ஷா சமிதியை மாவோயிஸ்டுகள் வழிநடத்துவதாக மத்திய உள்துறையின் ஆண்டறிக்கை கண்டுபிடித்தது. அதே ஆண்டு, இருபது வயதுப் பெண் ஒருத்தியை ராத்திரியில் வீட்டிலிருந்து பிடித்துப்போய், சரணடைந்த மாவோயிஸ்ட் என்று பத்திரிகைக்காரர்கள் முன் நிறுத்தினார்கள். வீட்டில் இருப்பவரைக் கூட்டிப்போய்ச் சரணடைய வைக்கும் வித்தை நம் போலீசுக்கே வாய்த்தது. 2023-ல் போராடியவர்களில் 9 பேர் மேல் ஊபா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

போராட்டம் சலிக்கக்கூடிய காரியம்தான். விதைப்பு காத்திருக்க, ஊர்வலம் போக யாருக்கு ஆசை? ஆனால் சலிக்கும் நேரம் பார்த்து ஒரு துணை ராணுவ முகாம் வருகிறது; ஒரு வழக்கு வருகிறது; விடிவதற்குள் ஒருவரைக் காணோம். ஊர் தானாகக் கூடுகிறது. நோட்டீஸ் அடிக்கும் செலவுகூட இயக்கத்துக்கு மிச்சம்.

ஆக, ஐயா, நீங்கள் தேடும் ஸ்பான்சர் நீங்கள்தான். நிதியை நிறுத்துவதும் சுலபம். 12 ஊரும் சொன்னது தீர்ப்பு. அதை இன்னும் பேரமாகவே நினைத்துக்கொண்டிருப்பது உங்கள் திமிர். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டு பாருங்கள். மறுநாளே அவரவர் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்கு மனமில்லையென்றால், யார் தூண்டிவிடுகிறார்கள் என்று கேட்கும் யோக்கியதை உங்களுக்கு இல்லை.