நட்சத்திரக் குறி

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மார்கோசா ரோட்டை ஒட்டிய ஒரு கிராஸில், வீட்டுக் கார் ஷெட்டில் மாமா லெண்டிங் லைப்ரரி நடத்துகிறார். கார் இருந்ததே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் 1994ல் ஒரு பையன் எழுதிக் கொடுத்த ஃபாக்ஸ்புரோ புரோகிராம். பையன் அமெரிக்கா போய்விட்டான். மைக்ரோசாஃப்டே 2015ல் ஃபாக்ஸ்புரோவைக் கைகழுவிவிட்டது. மாமா கழுவவில்லை.

போன வருஷம் கம்ப்யூட்டர் புகைந்தது. புதிதாக வாங்கியதில் புரோகிராம் ஓடவில்லை. டாஸ் காலத்து 16 பிட் சமாசாரத்தை 64 பிட் விண்டோஸ் வாசலோடு நிறுத்திவிடும். குடும்பத்தில் ஐ.டி.க்காரன் நான் ஒருவன்தான். கூலி, சி.டி.ஆர் ஓட்டலில் பென்னே மசால் தோசை.

"ஒரு பேர்கூடப் போகக் கூடாதுடா."

"எதுவும் போகாது மாமா" என்றேன். வம்பே அந்த வாக்கில்தான்.

முதல் வேலையாகப் பழைய ஃபைல்களை இரண்டு பென் டிரைவில் நகலெடுத்தேன். ஒன்றை மாமா பூஜை அறையில் வைத்துக்கொண்டார். புதிதாக ஆக்ஸஸில் டேபிள்களை ஒரு ஃபைலிலும், திரையில் தெரிகிற பாரங்களை இன்னொன்றிலும் வைத்தேன். "எதுக்குடா ரெண்டு?" "அடுத்த தடவை பாரத்தை மாத்தறப்போ டேட்டாவைத் தொட வேண்டாமே." "அடுத்த தடவை வேற இருக்கா?" என்றார், கவலையாக.

பழைய புரோகிராம் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் கேட்கும். முன்னால் 19ஐத் தானே போட்டுக்கொள்ளும். ஆகவே 2003ல் சேர்ந்தவர்கள் 1903ல் சேர்ந்திருந்தார்கள். 1898 பிளேக்குக்குப் பயந்து பேட்டையிலிருந்து ஜனங்கள் மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்த சூட்டோடு மாமாவிடம் 41 பேர் சந்தா கட்டியிருக்கிறார்கள்! அதைச் சரிசெய்தேன். ஒருவரின் போன் நம்பர் கட்டத்தில் 'மாமி எடுத்தா வெச்சிடு' என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை.

மொத்தம் 612 மெம்பர்கள் வந்து சேர்ந்தார்கள். நானூறு இருக்கும் என்று நினைத்திருந்த மாமாவுக்கு ஏக சந்தோஷம். எனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செத்தவர்கள் நட்சத்திரமாகிவிடுவார்கள் என்று பாட்டி சொல்வாள். ஃபாக்ஸ்புரோவில் அது நிஜம். ஒரு பெயரை டெலீட் செய்தால் அது அழியாது. அந்த வரியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி விழும், திரையில் தெரியாமல் போகும், அவ்வளவுதான். 'பேக்' என்று கட்டளை கொடுத்துக் கூட்டித் தள்ளும்வரை ஆசாமி உள்ளேயேதான் இருப்பார். முப்பது வருஷமாக யாரும் கூட்டவில்லை. நான் எழுதிய ஸ்கிரிப்டோ நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை.

மாமா அன்றே, புத்தகம் திருப்பாத 87 பேருக்கு அரை ரூபாய் கார்டு போட்டார். 'உடனே திருப்பவும். தவறினால் அபராதம்.'

முதல் போன் பதினைந்தாவது கிராஸிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியாதா? சுபத்துக்கு வந்து ரெண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிண்டேளே!"

மாமா என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஒருவர் துணிப்பையோடு வந்தார். அப்பா 1998ல் எடுத்ததாம், பரணில் கிடந்ததாம். பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம், 'கொலை வாள்'. இத்தனை வருஷமாக மாமா இரண்டாம் பாகத்தைக் கொடுத்து, மூன்றாம் பாகத்தை வாயால் சொல்லி, நாலாம் பாகத்தைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒன்பது புத்தகங்கள் திரும்பின. காலமானவர்களைத் தனியாகக் காட்ட ஒரு கட்டம் சேர்த்துவிட்டு, "பேக் பண்ணிடட்டுமா?" என்று கேட்டேன். "கையை எடு" என்றார் மாமா. "இன்னும் எழுபத்தெட்டு வரணும்."

உங்கள் வீட்டுப் பரணில் ஊதா ரப்பர் ஸ்டாம்ப் குத்திய புத்தகம் ஏதாவது கிடந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். அபராதம் கிடையாது.